பின்லாந்தில் பயப்பட வேண்டியது பூஜ்ஜியம் டிகிரிக்கு

ஹெல்சிங்கிக்குப் புதிதாக வருகிறவர்கள் போனில் டிகிரியைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவார்கள். மைனஸ் 20 என்றால் தயங்குவார்கள். பூஜ்ஜியம் என்றால் ‘இன்னைக்குப் பரவாயில்லை’ என்று சாதாரண ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். முதல் தவறே இதுதான். மைனஸ் 20-இல் பனி மாவு மாதிரி வறண்டு கிடக்கும். மிதித்தால் நறநறக்கும், அவ்வளவாக வழுக்காது. ஆனால் ஹெல்சிங்கி கடலோர ஊர். குளிர்காலத்தில் பல நாள் பூஜ்ஜியத்தை ஒட்டியே மேலும் கீழும் ஆடும். பகலில் உருகியது ராத்திரியில் கண்ணாடியாக உறையும். காலையில் அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும், பஸ் ஸ்டாப் போய்ச் சேருவதே பெரும் பாடு.

நடைபாதையில் பொடிஜல்லி தூவுவார்கள். அதை மட்டும் நம்ப முடியாது, அடுத்த பனி விழுந்ததும் மூடிவிடும். அடியில் சின்னச் சின்ன ஆணி பதித்த ஷூ கிடைக்கும்; விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். அதே ஷூவோடு கடையின் வழுவழுப்பான தரையில் வேகமாக நடக்காதீர்கள், அங்கே ஆணியே வாரிவிடும். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடப்பதும் ஆபத்து: சறுக்கும்போது சமாளிக்கக் கை வெளியே இருக்க வேண்டும். அதற்காகவாவது கையுறை வேண்டும்.

இன்னொன்று. சுவரோரம் நடைபாதையை மறித்து மரக்கழியோ தடுப்போ வைத்திருந்தால் சுற்றிப் போங்கள். கூரையிலிருந்து பனியைத் தள்ளுகிறார்கள், அல்லது அது தானாக விழக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

உடை விஷயத்தில் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறோம்: கம்பளிக் கரடி மாதிரி ஒரு பெரிய கோட்டு, உள்ளே ஒரு காட்டன் சட்டை. இங்கே வீடு, ஆபீஸ் எல்லாம் உள்ளே 20, 22 டிகிரியில் இருக்கும். கோட்டோடு கடையில் பத்து நிமிடம் நின்றால் வியர்க்கும். அந்த ஈரத்தோடு வெளியே வந்தால்தான் உண்மையான குளிர் தெரியும். மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள், உடம்பை ஒட்டி இருப்பது காட்டனாக வேண்டாம். ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் காற்றுக்கு இடமில்லாமல் விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும்.

குளிரைவிட இருட்டை லேசாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு என்பேன். டிசம்பரில் ஹெல்சிங்கியில் மாலை மூன்றே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். பனி விழாத நவம்பர் அதைவிட மோசம்: கறுப்புத் தெரு, கறுப்புக் கோட்டு, மழை. காரின் டிம் வெளிச்சத்தில் நீங்கள் தெரிவது சுமார் 50 மீட்டரில்தான். உடையில் தொங்கவிடும் ரிஃப்ளெக்டர் (படும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சின்னத் தகடு) இருந்தால் 150 மீட்டர். இருட்டில் நடப்பவர் அதை அணிந்துகொள்வதுதான் நல்லது. பலர் அதை வாங்கிப் பைக்குள் போட்டுவைப்பார்கள், அல்லது தோளில் குத்துவார்கள். முழங்கால் உயரத்தில் தொங்கவிட வேண்டும், அங்கேதான் விளக்கு வெளிச்சம் படும்.

கோடையில் ஏமாற்றுவது கடிகாரம். ஜூன் கடைசியில் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதே என்று ராத்திரி பதினொன்றுக்கு வேக்குவம் கிளீனரைப் போடாதீர்கள். பெரும்பாலான அடுக்குமாடிகளில் இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை சத்தம் கூடாது. இருட்டுத் திரை வாங்காவிட்டால் குழந்தையும் தூங்காது, நீங்களும் தூங்க மாட்டீர்கள். ஜூலையில் எந்த ஆபீஸ் வேலையையும் எதிர்பார்க்க வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியவர் ஏரிக்கரைக் குடிலில் இருப்பார். ஜூன் பிற்பகுதியில் வரும் யுஹானுஸ் என்ற நடுக்கோடைப் பண்டிகைக்கு ஊரே காலியாகிவிடும்.

வெயிலா? அதை நம்ம ஊரிலேயே பார்த்தாச்சு என்று சிரிக்காதீர்கள். 2025 ஜூலையில் நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் 30 டிகிரியைத் தாண்டிய நாள்கள் தொடர்ச்சியாக 22. வீடுகள் சூட்டை வெளியே விடாமல் கட்டியவை, பெரும்பாலும் ஏசி கிடையாது. பகலில் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, ராத்திரி திறக்க வேண்டும். நான் முதல் கோடையில் அப்படியே தலைகீழாகச் செய்தேன்.

அப்புறம், துறைமுகச் சந்தையான கௌப்பதோரியில் ஐஸ்கிரீமைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு கடலை ரசிக்காதீர்கள். கடற்காகம் பின்னாலிருந்து வரும். என் கையில் கடைசியில் மிஞ்சியது கோனின் நுனி மட்டும். பக்கத்து பெஞ்சிலிருந்த பாட்டி, தன் கோனை உள்ளங்கையால் மூடியபடியே, தலையைத் திருப்பக்கூட இல்லை.