ஹஜ், உம்ரா முடித்து வந்தவருக்குக் காய்ச்சலா? ரத்தம் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

"மூணு நாளா காய்ச்சல் டாக்டர்" என்று ஒருவர் வந்து உட்காருகிறார். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் என்று நம் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். போன வாரம்தான் மக்காவிலிருந்து வந்தார் என்பதை நாமாகக் கேட்காவிட்டால் அவர் சொல்ல மாட்டார். புனிதப் பயணத்தை நோயோடு சேர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. அதனால் கேட்பது நம் பொறுப்பு.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும், நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: முதலில் மாஸ்க், பிறகு பேச்சு

காய்ச்சலோடு இருமலோ மூச்சுத்திணறலோ இருந்து, அரபு நாடுகளிலிருந்து வந்து 14 நாளுக்குள் என்றால், நோயாளிக்கு மாஸ்க் கொடுத்துத் தனி அறையில் உட்கார வையுங்கள். நீங்களும் என்-95 போட்டுக்கொள்ளுங்கள். இந்த எச்சரிக்கை நுரையீரலைத் தாக்கும் மெர்ஸ் வைரஸுக்காக. 2012-இல் சவூதியில் கண்டறியப்பட்டது. ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்கு வருகிறது. ஹஜ் பயணிகளிடம் இது அரிது. பத்து இருமலில் ஒன்பது சாதாரண சளியோ இன்ஃப்ளூயன்சாவோ நிமோனியாவோதான். ஆனால் 2015-இல் மத்திய கிழக்கிலிருந்து தென்கொரியா திரும்பிய ஒரே ஒரு பயணி, நோய் இன்னதென்று தெரியும் முன் பல மருத்துவமனைகளுக்கு அலைந்தார். அந்தத் தொடரில் மொத்தம் 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது.

படி 2: காத்திருக்க முடியாதவரைப் பிரித்தெடுங்கள்

கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, ரத்த அழுத்தம் இறங்குதல், தோலில் செம்புள்ளிகள். இவற்றில் எது இருந்தாலும் வரலாறு கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். புள்ளியின் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். நிறம் மங்கவில்லை என்றால் மெனிங்கோகாக்கஸ் (மூளையுறைக் காய்ச்சல் கிருமி) என்றே வைத்துக்கொண்டு, ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்த கையோடு செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாடிக் போடுங்கள். முதுகுத் தண்டுநீர் எடுக்கத் தாமதமாகும் என்றால் மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

"ஊசி போட்டுத்தானே போனார்" என்று குடும்பத்தினர் சொல்வார்கள். ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைக்கான தடுப்பூசி அது. கார்டை வாங்கித் தேதியைப் பாருங்கள். போட்டுக்கொண்டவரும் கிருமியைத் தொண்டையில் சுமந்து வரலாம். 2000-ஆம் ஆண்டு ஹஜ்ஜை ஒட்டி டபிள்யூ-135 வகை பல நாடுகளுக்குப் போனபோது, பயணமே போகாத வீட்டாரும் பாதிக்கப்பட்டார்கள். 2024-இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸில் உம்ராவோடு தொடர்புடைய 12 பேருக்கு இந்த நோய் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போடாதவர்கள். ஆகவே காய்ச்சலோடு வரும் குழந்தையின் தாயிடமும் கேளுங்கள்: "வீட்டுல யாராவது உம்ரா போய் வந்தாங்களா?"

படி 3: காகிதத்தில் ஒரு கோடு போடுங்கள்

கிளம்பிய நாள், திரும்பிய நாள், காய்ச்சல் தொடங்கிய நாள். இந்த மூன்றையும் கோட்டில் குறியுங்கள். பாதி நோய்கள் இங்கேயே விலகிவிடும். இன்ஃப்ளூயன்சா தொற்றிய 1 முதல் 4 நாளில் வரும். டெங்கு பெரும்பாலும் 4 முதல் 10 நாளில். 14 நாளைத் தாண்டாது. ஒருவர் திரும்பி இருபது நாள் கழித்து டெங்கு வந்தால் அது ஜித்தா கொசு அல்ல, நம் தெருக் கொசு. டைபாய்டுக்கு ஒன்று முதல் நான்கு வாரம். ஃபால்சிபாரம் மலேரியா பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் காட்டிவிடும். வைவாக்ஸ் வகை மலேரியா அப்படியல்ல, பயணத்துக்கு முன்பே கல்லீரலில் பதுங்கியிருந்து மாதக்கணக்கில் கழித்து வரும்.

படி 4: வழியைக் கேளுங்கள்

"எங்கே போனீங்க?" என்று மட்டும் கேட்டால் "மக்கா, மதீனா" என்ற பதிலோடு முடிந்துவிடும். "வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து எந்தெந்த ஊர்ல இறங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க, எங்கே தங்கினீங்க?" என்று கேளுங்கள். 1972-இல் கொசோவோவைச் சேர்ந்த ஒரு ஹஜ் பயணி, ஈராக் வழியாகத் திரும்பும்போது அங்கே இருந்த பெரியம்மையைச் சுமந்து வந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்த நோயைப் பார்க்காத யூகோஸ்லாவிய மருத்துவர்கள், அடுத்து நோயுற்ற ஓர் இளைஞருக்கு வந்ததைப் பென்சிலின் அலர்ஜி என்று நினைத்தார்கள். 175 பேருக்குப் பரவி 35 பேர் இறந்தார்கள். அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண் பார்க்காததை மூளை நினைப்பது கடினம். அதனால்தான் கேள்விகளை எழுதியே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இரண்டு கேள்விகளை விடவே கூடாது. ஒன்று, பயணச் சடங்குக்காகத் தலை மழித்தது எங்கே, புது பிளேடா? ஒரே பிளேடில் பலருக்கு மழித்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும். இன்று நெகட்டிவ் வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு, காய்ச்சாத ஒட்டகப் பால் குடித்தாரா?

மூன்று வாரக் காய்ச்சலோடு ஒரு ஹாஜியாரை அவர் மகன் அழைத்து வந்தார். வெளியே ஒரு லேபில் வைடால் (டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். டைபாய்டு மாத்திரை முடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ராத்திரி பனியன் பிழிகிற அளவு வியர்வை, இடுப்பு வலி. "அத்தா, பண்ணைக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். மகன் "இல்ல டாக்டர்" என்றார். பெரியவர் தலை நிமிர்ந்து, "போனோமே. கறந்த சூட்டோட நுரை ததும்பக் கொடுத்தாங்க. பரக்கத்துன்னு குடிச்சோம்" என்றார். ரத்தக் கல்ச்சரில் புருசெல்லா வளர்ந்தது; காய்ச்சாத பாலில் வரும் கிருமி அது.

படி 5: பரிசோதனை

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரண்டு பாட்டில் ரத்தக் கல்ச்சர். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். வைடால் நம் ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் பாசிட்டிவ் வரும். அதை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது. புருசெல்லா சந்தேகம் இருந்தால் சீட்டிலேயே எழுதுங்கள். கல்ச்சரைக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பதற்கும், அதைவிட முக்கியமாக லேப் டெக்னீஷியன் கிருமியை மூச்சில் இழுத்துவிடாமல் பாதுகாப்பு அறையில் கையாளுவதற்கும் அது வேண்டும்.

மலேரியாவுக்குத் தடித்த, மெல்லிய ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு) இரண்டும். ஒருமுறை நெகட்டிவ் என்றால் விட்டுவிடாமல் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பாருங்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை, பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனை. மெர்ஸ் சந்தேகத்தில் மூக்கு, தொண்டை ஸ்வாப் மட்டும் போதாது; நெஞ்சுச் சளியில்தான் வைரஸ் நன்றாகக் கிடைக்கும். ஸ்வாப் நெகட்டிவ் என்று வார்டுக்கு மாற்றிவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளியை சிபிநாட் என்ற காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானாக அடங்கும். அரிசி கழுவிய நீர் போலப் போனால் மலத்தைக் காலராவுக்கு அனுப்புங்கள். எல் டோர் என்ற காலரா வகையின் பெயரே சினாய்க் கரையில் ஹஜ் பயணிகளைத் தடுத்து வைத்த முகாமின் பெயர்தான். 1905-இல் அங்கே இறந்த பயணிகளின் உடலிலிருந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள்.

படி 6: தகவலும், கூட வந்தவர்களும்

மெனிங்கோகாக்கஸ், மெர்ஸ், காலரா சந்தேகம் வந்த அன்றே, முடிவுக்குக் காத்திராமல், மாவட்ட சுகாதார அலுவலருக்குச் சொல்லுங்கள். மெனிங்கோகாக்கஸ் என்றால் வீட்டாருக்குத் தடுப்பு மருந்தும் அன்றே தொடங்க வேண்டும்.

அந்த ஹாஜியாருக்கு இரண்டு மருந்துகள், ஆறு வாரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "பால் குடிச்சப்ப கூட யார் இருந்தா?" என்று கேட்டேன். கதவருகே நின்றிருந்த அவர் மனைவியைக் காட்டினார். அந்த அம்மாவுக்கு ஒரு மாதமாக முழங்கால் வலி, சாயங்காலமானால் உடம்பு கதகதப்பு. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல டாக்டர்" என்றார். அவருக்கும் ரத்தம் எடுத்தோம்.