தெருவாகச் சேர்ந்து சோலார் போடுவது எப்படி: காட்பாடியில் எங்கள் ஒன்பது வீட்டுக் கணக்கு

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். சோலார் கம்பெனிக்காரரைக் கூப்பிடுவதெல்லாம் அப்புறம்.

ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். சர்வீஸ் நம்பர், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அனுமதித்த லோடு, கடைசி ஆறு பில்லின் யூனிட். முப்பது வருடம் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். பெயர் விஷயத்தில் என்னை நம்புங்கள். வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு தரும் பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கரண்ட் இணைப்பு காலமான மாமனார் பெயரில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். எங்கள் காந்தி நகர் தெருவில் ஒன்பது வீட்டில் நான்கு வீடு இப்படித்தான். வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் தேடி எடுத்துப் பெயர் மாற்றவே இரண்டு மாதம் போனது. அதனால்தான் நோட்டு முதலில்.

அமெரிக்காவில் சேர்ந்து வாங்கும் இந்த வேலையை ஊரே செய்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1997-இலும் கலிபோர்னியா 2002-இலும் இதற்குச் சட்டம் போட்டன. பல நகராட்சிகள் ஒன்றாகி, குடியிருப்பவர்கள் எல்லோருக்குமாகச் சூரிய, காற்று மின்சாரத்தைப் பேரம் பேசி வாங்குகின்றன. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 2010-இலிருந்து இப்படி நடக்கிறது. வேண்டாம் என்பவர் சொல்லிவிட்டு விலகலாம், சொல்லாதவர் எல்லோரும் உள்ளே. வேலூர் மாநகராட்சி நமக்காக அப்படி வாங்க முடியாது. இங்கே வீட்டுக்கு மின்சாரம் தருவது மின்வாரியம் ஒன்றுதான். ஆனாலும் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே வைத்தது. ஒரு ஊராட்சியால் அது முடிந்ததென்றால் ஒரு தெருவால் இது முடியும். என்ன, இங்கே ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும்.

தட்டும்போது எல்லோரையும் இழுக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், 200-க்குள் ஓட்டுகிற வீட்டுக்குப் பெரிதாக மிச்சம் இல்லை. அதை அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். லாபம் 500-ஐத் தாண்டுகிற வீடுகளுக்கு. அந்தக் கோட்டைத் தாண்டினாலே அடியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். நம் ஊர்க் கோடையில் ஏசி போட்ட வீடு எதுவும் அதற்குள் நிற்பதில்லை. ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. இதை வைத்து வீட்டுக்கு ஒன்றா, இரண்டா, மூன்றா என்று பிரியுங்கள். மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் ஏறாது. அடுக்குமாடி என்றால் லிஃப்ட், மோட்டார் போன்ற பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 உண்டு.

அடுத்தது சாக்பீஸ். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். காலை ஒன்பது, நண்பகல், மதியம் மூன்று என்று மூன்று வேளை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்துத் தென்னை இவற்றின் நிழல் விளிம்பைக் கோடு போடுங்கள். நான் போட்டது மே மாதம். எதிர்வீட்டு அக்கா, "ஏம்மா, மார்கழியில இந்த நிழல் இன்னும் நீளுமே" என்றார். உண்மைதான். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் தொட்டி நிழல் மே மாதக் கோட்டைத் தாண்டி வடக்கே நன்றாக நீண்டுவிட்டது. ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே குறைத்துவிடும். தொட்டிக்குத் தெற்கே இடம் இருந்தால் அதுவே நல்லது.

இப்போது கம்பெனிகளைக் கூப்பிடுங்கள், குறைந்தது மூன்று. அரசு இணையதளத்தில் பதிவானவர்கள் மட்டும். ஒன்பது வீட்டுக்கும் ஒரே விலை, எழுத்தில். மானியத்துக்கு இந்தியாவில் செய்த பேனல்தான் செல்லும். பில்லில் அது இருக்க வேண்டும். எர்த்திங், இடிதாங்கி, ஸ்டாண்டின் உயரம் எல்லாம் அதே தாளில் வரட்டும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். எங்களுக்கு முன்பே தனியாகப் போட்ட ஒரு வீட்டுக்காரர் அப்படிக் கொடுத்துவிட்டு நான்கு மாதம் வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடைசித் தவணையை நெட் மீட்டர் (மின்வாரியத்திடம் வாங்குவதையும் அதற்கு அனுப்புவதையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) மாட்டிய அன்றுதான் கொடுத்தோம். ஒன்பது வீடு சேர்ந்து கேட்டதால் மறுபேச்சில்லை.

ஒன்றை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்: கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பேட்டரி தனிச் செலவு.

கழுவுவதற்கு எங்கள் தெருவில் முறை வைத்திருக்கிறோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன், மெல்லிய துணியால். போர் தண்ணீர் உப்பு. அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் தங்கிவிடும். உடனே துடைத்துவிடுங்கள்.