கம்பளித் தொழில் படிப்புக்குப் பணம் ஒதுக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயி ஆட்டு ரோமத்தை விற்றால், வரும் தொகையில் 1.5 சதவீதம் லெவியாக, அதாவது தொழிலின் பொதுச் செலவுக்கான கட்டாயப் பங்காக, பிடிக்கப்படுகிறது. அது 2001-இல் தொடங்கிய ஆஸ்திரேலியன் வூல் இன்னோவேஷன் நிறுவனத்துக்குப் போகிறது. ஆராய்ச்சி, விளம்பரம், ரோமம் வெட்டுபவர்களுக்குப் பயிற்சி என எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படைப் பணம். ஆராய்ச்சிக்கு அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. இவ்வளவு முறையாக ஏற்பாடு செய்துகொண்ட தொழிலே பயிற்சி விஷயத்தில் தடுமாறுகிறது. எந்தச் சின்னத் தொழிலுக்கும் பயிற்சி நிதி ஒதுக்குபவர்கள் அந்தத் தடுமாற்றங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

படிப்புக்கான பணத்தைச் சரக்கின் விலையோடு முழுக்கக் கட்டிப்போடுவது முதல் தவறு. விலை விழுந்தால் லெவியும் விழும். போதாததற்கு, லெவி எத்தனை சதவீதம் என்பதையே மூன்றாண்டுக்கு ஒருமுறை விவசாயிகள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். 2018 வாக்கெடுப்பில் 2 சதவீதம் 1.5 ஆனது. அதே ரோமம் அதே விலைக்கு விற்றாலும் வரவில் கால் பங்கு போயிற்று. விலை கட்டுப்படியாகாதபோது பலர் இறைச்சி ஆட்டுக்கோ கோதுமைக்கோ மாறிவிடுகிறார்கள். 1990-இல் 17 கோடியைத் தொட்ட ஆட்டு எண்ணிக்கை இன்று சுமார் 7 கோடி. இப்படி ஆடிக்கொண்டே இருக்கும் பணத்தை நம்பி மூன்று வருடப் படிப்பை எந்தக் கல்லூரி தொடங்கும்?

விலை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் ஒரு பகுதியை ஒதுக்கி, முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் செலவு செய்யும் அறக்கட்டளை வைப்பதுதான் எனக்குத் தெரிந்து நிற்கும் வழி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் இதற்கு நல்ல சாட்சி. 1874-இல் தொடங்கிய யார்க்‌ஷயர் கல்லூரியில் துணித் தொழில் துறைக்கு லண்டனின் கிளாத்வொர்க்கர்ஸ் சங்கம் பணம் கொடுத்தது. பழைய வணிகர் சங்கம் அது. பெருமளவு லண்டன் சொத்துகளிலிருந்து வருமானம். கம்பளி விலை ஏறினாலென்ன, இறங்கினாலென்ன? கல்லூரி 1904-இல் லீட்ஸ் பல்கலைக்கழகமாக மாறிய பிறகும் அந்த உறவு தொடர்ந்தது. வளாகத்தில் அவர்கள் பெயரில் இன்றும் கட்டடங்கள் இருக்கின்றன.

அடுத்த தவறுதான் என் பார்வையில் ஆகப் பெரியது: வகுப்பு முடிந்ததும் பயிற்சி முடிந்தது என்று நினைப்பது. ஆஸ்திரேலியாவில் ரோமம் வெட்டும் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். கூலி, வெட்டிய ஆட்டின் எண்ணிக்கைக்கு. வேலை நாள் இரண்டிரண்டு மணி நேரமாக நான்கு சுற்று. கைதேர்ந்தவர் ஒரு நாளில் மெல்லிய ரோமம் தரும் மெரினோ இன ஆடுகளில் 150-ஐத் தாண்டிவிடுவார். சில நாள் வகுப்பு முடித்து வரும் இளைஞனுக்கு அதில் பாதிகூட வராது. முதுகு விட்டுப்போகும், சம்பளமும் கையில் நிற்காது. வெட்டும் குழுவைப் பண்ணை பண்ணையாகக் கூட்டிப்போகும் கொட்டகை ஒப்பந்தக்காரரின் நிலைமையும் சங்கடம்தான். கொட்டகையில் வெட்டும் இடங்கள் எண்ணி வைத்தாற்போல இருக்கும். ஒன்றில் புதியவரை நிறுத்தினால் வேலை இழுக்கும், அடுத்த பண்ணைக்குப் போகும் தேதி தள்ளும், ரோமம் பொறுக்குபவரும் வகைபிரிப்பவரும் காத்திருக்க வேண்டும். அதனால் பழக்கமுள்ள ஆளைத்தான் அவர் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆக, பணம் தேவைப்படுவது சான்றிதழுக்குப் பிந்தைய மாதங்களில். அனுபவமுள்ள பயிற்சியாளர் கொட்டகைக்கே வந்து, புதியவரின் பக்கத்தில் நின்று, ஆட்டைப் பிடிக்கும் விதத்தையும் காலை எங்கே ஊன்றுவது என்பதையும் திருத்த வேண்டும். வெட்டுக் கருவியின் பல்லைத் தீட்டச் சொல்லிக்கொடுப்பதும் அதில் சேரும், மொக்கைப் பல்லோடு எவ்வளவு திறமை இருந்தாலும் வேகம் வராது. புதியவரை நிறுத்திய ஒப்பந்தக்காரருக்கு நேரும் நஷ்டத்தில் ஒரு பங்கையும் நிதி தாங்கினால் இன்னும் நல்லது. லெவிப் பணத்தில் ஆரம்பநிலைப் பயிற்சியோடு, ஓரளவு தேறியவர்களுக்கான பயிற்சியும் இப்போது நடக்கிறது. ஆனாலும் நிதி கேட்கும் விண்ணப்பங்கள் எங்கே பார்த்தாலும் ‘இத்தனை பேருக்குப் பயிற்சி’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேர் தொழிலில் இருக்கிறார்கள் என்ற கேள்வி அதே படிவத்தில் இருக்க வேண்டும்.

தலையை எண்ணாமல் தரத்தை அளக்க வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ரோமத்தை வகைபிரிப்பவர் படித்து, ஆஸ்திரேலியன் வூல் எக்ஸ்சேஞ்ச் என்ற தொழில் அமைப்பில் பதிவு செய்து, தனக்கான முத்திரை எண்ணைப் பெறுகிறார். அவர் பிரித்த ஒவ்வொரு பொதியிலும் அந்த முத்திரை இருக்கும். கறுப்பு இழையோ பிளாஸ்டிக் நூலோ கலந்திருந்தால் யார் கையில் தவறு நடந்தது என்று தேடிப் பிடித்துவிடலாம். பயிற்சியின் பலன் பொதியிலேயே தெரியும்போது வருகைப் பதிவேட்டை வைத்துக் கணக்கு காட்டுவானேன்?

ஆள் பஞ்சம் வந்த பிறகு பையைத் திறப்பது இன்னொரு பழக்கம். 2020-இல் கொரோனாவால் ஆஸ்திரேலிய எல்லைகள் மூடப்பட்டதும், பருவத்துக்குப் பருவம் நியூசிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த வெட்டுபவர்கள் வர முடியாமல் போயிற்று. அதன் பிறகு பயிற்சிக்குப் பணம் கூடியது. ஆனால் வேகமும் நுணுக்கமும் கூட வருடங்கள் ஆகும். ரோமம் வளர்ந்துகொண்டே இருக்கும், ஆடு காத்திருக்காது.

பல்கலைக்கழகப் படிப்பில் வேறு மாதிரிச் சிக்கல். கம்பளியை மட்டும் படிக்க வருபவர்கள் குறைவு, மாணவர் எண்ணிக்கையைப் பார்த்தே பல்கலைக்கழகம் இடம் ஒதுக்கும். தனித் துறை வைக்க அடம்பிடிப்பதைவிட, விலங்கியல், ஜவுளி, வேளாண்மை மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடங்களாகக் கொடுத்து, தொலைதூரக் கல்வியிலும் திறந்துவிடுவது பிழைக்கும் வழி.

ஆராய்ச்சி மாணவரிடம் ‘இதனால் தொழிலுக்கு அடுத்த வருடமே என்ன லாபம்’ என்று கேட்பதும் தவறுதான். 1937-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் கம்பளி விவசாயிகள் சேர்ந்து சர்வதேசக் கம்பளிச் செயலகத்தை அமைத்தார்கள். அதன் உதவித்தொகையில், கம்பளியில் என்னென்ன அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் வேதியியலாளர் ரிச்சர்ட் சிங் (Synge). லீட்ஸில் இருந்த கம்பளித் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் ஆர்ச்சர் மார்ட்டினோடு சேர்ந்து 1941-இல் அவர் உருவாக்கிய, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை, வேதியியலையும் மருந்து ஆராய்ச்சியையுமே மாற்றியது. 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆட்டுக்காரர் பணம்! ஆனால் இதைக் காட்டி எல்லாப் பயிற்சிக்கும் கேள்வி கேட்காமல் பணம் வாங்க முடியாது. கொட்டகைப் பயிற்சிக்குக் கறாரான கணக்கு வேண்டும், ஆய்வுக்குக் கொஞ்சம் கை தளர்த்த வேண்டும்.

சரி, நம் பக்கம். ஜோத்பூரில் மத்திய கம்பளி மேம்பாட்டு வாரியமும், ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962 முதல் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அந்த நிலையத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானலுக்கு அருகே மன்னவனூரில் உள்ளது. நீலகிரி ஆட்டுக்கு ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் தனி ஆராய்ச்சிப் பண்ணை உண்டு. இங்கே தவறு ஆஸ்திரேலியப் பாடத்திட்டத்தை அப்படியே கொண்டுவருவதில் வரும். இந்திய ரோமத்தில் பெரும்பகுதி கம்பளத்துக்கான முரட்டு ரகம். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் ஆடுகளில் வெட்டி விற்கும்படி ரோமமே இல்லை. ரோமம் தரும் இனங்களை வளர்ப்பவருக்கும் வருமானம் பெரும்பாலும் இறைச்சியிலிருந்துதான். அவருக்கு மெரினோ வெட்டும் இயந்திரப் பயிற்சி கொடுத்தால் வந்து உட்காருவார், சான்றிதழ் வாங்கிக்கொள்வார், அப்புறம் பழைய கத்தரிக்கோலுக்கே திரும்புவார். அதே பணத்தை ரோமத்தைச் சுத்தமாகச் சேகரிக்கவும், நிறம் பிரிக்கவும், வாங்குபவரிடம் ஊராகச் சேர்ந்து விற்கவும் கற்றுக்கொடுக்கச் செலவிடலாம். வாங்குபவர் யாரென்று முடிவாகாத இடத்தில் பயிற்சி வகுப்பைத் தொடங்கவே வேண்டாம்.