டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கு மாற்று சைலன்சர்: ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் சேத்தக், எல்.எம்.எல். வெஸ்பா, விஜய் சூப்பர், கைனடிக் ஹோண்டா போன்ற டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களை இன்றும் பராமரித்து ஓட்டுபவர்கள், மாற்று சைலன்சர் வாங்க நினைத்தவுடன் கேட்பது "எது அதிக பவர் தரும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கப் போனால் பெரும்பாலும் தவறான பொருளே கைக்கு வரும். எந்த ஆர்.பி.எம்.மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) அந்த பவர் வருகிறது, அந்த ஆர்.பி.எம்.மில் நாம் எவ்வளவு நேரம் ஓட்டுகிறோம் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கீழே சொல்லும் ஒப்பீட்டு முறை முழுவதும் இதை அடிப்படையாகக் கொண்டதே.

நான் முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்திற்கு 1996ஆம் ஆண்டுச் சேத்தக்கில் தினமும் சென்று வருபவன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி என்று ஊருக்கு ஊர் வேகத்தடையும் பேருந்து நிறுத்தமும் குறுக்கிடும் இந்தச் சாலையில், நான்காவது கியரில் 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் பெரும்பாலான நேரம் கழிகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, உச்ச வேகத்தைச் சொல்லி விற்கப்பட்ட ஓர் எக்ஸ்பான்ஷன் சேம்பரை (நடுவில் பருத்து இருபுறமும் கூம்பாகக் குறுகும் சைலன்சர்) வாங்கிப் பொருத்தினேன். காலியான சாலையில் மூன்றாவது கியரில் முறுக்கினால் வண்டி சீறிக்கொண்டு போனது. ஆனால் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியபோது, நான்காவது கியருக்கு மாற்றியதும் இழுவை செத்துப்போய், மறுபடியும் மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. அந்த சேம்பரில் குறை ஒன்றும் இல்லை. அது வேறு வகையான ஓட்டத்திற்காகச் செய்யப்பட்டது.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்குச் சொல்லும் சைலன்சர் கணக்கு இங்கே செல்லாது. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஓர் உறுப்பு என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் புதுக் கலவை உள்ளே வரும் துளைகளும் எரிந்த புகை வெளியேறும் துளையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. புகைத்துளை திறந்தவுடன் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் படிப்படியாக விரியும் முன்கூம்பில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுப்பதோடு புதுக் கலவையையும் மேலே வரவழைக்கிறது. குழாய் மறுபடியும் குறுகும் பின்கூம்பில் பட்ட அலையோ அழுத்த அலையாகவே திரும்பி, புகையோடு வெளியே வந்துவிட்ட புதுக் கலவையைத் துளை மூடுவதற்குச் சற்று முன்பு சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. அலை திரும்பும் நேரமும் துளை மூடும் நேரமும் பொருந்தினால் பவர் கூடும். முந்தியோ பிந்தியோ வந்தால் அதே குழாய் இழுவையைக் கெடுக்கும்.

கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் 1950களில் இந்த அலைகளை முறையாக ஆராய்ந்து வண்டியில் பயன்படுத்திக் காட்டியவர் பொறியாளர் வால்ட்டர் காடன். 1961ஆம் ஆண்டில் அவருடைய 125 சி.சி. பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி சுசுகியில் சேர்ந்ததால், இந்த நுட்பம் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது.

சந்தையில் கிடைப்பவற்றைப் பெயரைப் பார்க்காமல் வடிவத்தைப் பார்த்துப் பிரிப்பது நல்லது. முதல் வகை, வெளித்தோற்றத்தில் கம்பெனி சைலன்சரைப் போலவே இருந்து உள்ளமைப்பு மட்டும் சற்றுத் தாராளமாக இருப்பது. வெஸ்பாவுக்கான சீட்டோ பிளஸ் இவ்வகை. இரண்டாவது, பெட்டிக்குள்ளேயே கூம்புகளை அடக்கி, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவையை இழக்காமல் மேலே கொஞ்சம் சேர்க்கும் பாக்ஸ் சைலன்சர், எஸ்.ஐ.பி. ரோடு, பி.ஜி.எம். பிக்பாக்ஸ், பொலினி பாக்ஸ் ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, வயிறு பருத்து வால் சிறுத்த முழு எக்ஸ்பான்ஷன் சேம்பர். ஜே.எல். போன்ற பெயர்களில் வருபவை இவை. லாம்ப்ரெட்டாக்காரர்கள் விரும்பும் கிளப்மேன் வகை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. கம்பெனி சிலிண்டரும் கம்பெனி கார்புரேட்டரும் உள்ள வண்டிக்கு முதல் இரண்டு வகைகளே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. புகைத்துளையை உயர்த்தி, பெரிய சிலிண்டர் போட்டு, கியர் விகிதத்தையும் மாற்றியவர்களுக்கே மூன்றாவது வகை முழுப் பயன் தரும்.

பழைய சைலன்சரின் உள்தட்டுகளை வெட்டி எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்று நம்மூர்ப் பட்டறைகளில் சொல்வதுண்டு. வெட்டிய சைலன்சர் சத்தத்தைக் கூட்டும், அந்தச் சத்தமே வேகம் போலத் தோன்றும். ஆனால் அலை திரும்பி வருவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமல் போவதால் புதுக் கலவை எரியாமலே வெளியே ஓடி, இழுவையும் மைலேஜும் சேர்ந்து குறையும். சேம்பரின் வால்குழாயை அறுத்து அகலமாக்குவதும் இதே தவறுதான்: வால் அகலமானால் உள்ளழுத்தம் நிற்காது, அளவுக்கு மீறிக் குறுகினால் சூடு தேங்கி பிஸ்டனைக் கெடுக்கும். தயவுசெய்து வாலில் கைவைக்க வேண்டாம்.

விற்பவர் ஆர்.பி.எம். விவரம் தரவில்லை என்றாலும், ஒரு நூலும் அளவுகோலும் இருந்தால் ஓரளவு கணக்கிட்டுவிடலாம். புகைக்குழாய்க்குள் அலை ஏறத்தாழ நொடிக்கு 518 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். இன்ஜினின் ஒரு சுற்றான 360 டிகிரியில் புகைத்துளை திறந்திருக்கும் டிகிரியை 43,167ஆல் பெருக்கி ஆர்.பி.எம்.மால் வகுத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பின் நடுப்பகுதி வரை இருக்க வேண்டிய நீளம் மில்லிமீட்டரில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, துளை 150 டிகிரி திறந்திருக்கும் இன்ஜினுக்கு 5,500 ஆர்.பி.எம்.மில் பவர் வேண்டுமானால் சுமார் 1,177 மில்லிமீட்டர் நீளம் தேவை, 8,000 ஆர்.பி.எம்.மில் வேண்டுமானால் சுமார் 809 போதும். ஸ்கூட்டரின் அடியில் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட குழாயை நேராக நீட்ட இடமில்லை என்பதால்தான், கீழ் ஆர்.பி.எம்.முக்கான சேம்பர்கள் வளைந்து சுருண்டு வருகின்றன. நூலை வளைவின் நடுக்கோட்டைத் தொடர்ந்து பிடித்து, இரண்டு சேம்பர்களை இப்படி அளந்து பார்த்தால், எது குட்டையோ அது மேல் ஆர்.பி.எம்.முக்கானது என்று வாங்குவதற்கு முன்பே புரிந்துவிடும். நான்கு கியர் வண்டியில் மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றும்போது ஆர்.பி.எம். கணிசமாக இறங்கும்; பவர் வரும் வீச்சு குறுகலாக உள்ள சேம்பரில் அந்த இறக்கமே இழுவையைத் தின்றுவிடுகிறது. அரியாங்குப்பம் பாலத்தில் எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால், பழைய சைலன்சரை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இந்தப் படியைப் பெரும்பாலானவர்கள் தாண்டிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் ஓடிய டூ-ஸ்ட்ரோக் சைலன்சருக்குள் எரியாத ஆயிலும் கார்பனும் சேர்ந்து தார்போலப் படிந்து வழியை அடைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு எந்தப் புதுச் சைலன்சரை மாட்டினாலும் வண்டி துள்ளத்தான் செய்யும். முத்தியால்பேட்டையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பழைய சைலன்சரைத் திறந்தவெளியில் வைத்து, உள்ளேயிருக்கும் கார்பன் எரிந்து சாம்பலாகும்வரை நெருப்பில் சுட்டு, ஆறியபின் மரச்சுத்தியால் தட்டிக் கொட்டினார். இரண்டு கை நிறையக் கருந்தூள் விழுந்தது. மறுநாள் மஞ்சக்குப்பம் போய் வந்தபோது, நான் பணம் கொடுத்து வாங்க நினைத்த பிக்கப்பில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. சிலிண்டரின் புகைத்துளையிலும் கார்பன் சேர்ந்திருக்கும். பிஸ்டன் துளையை மூடியிருக்கும் நிலையில் வைத்து மரக்குச்சியால் சுரண்டி எடுக்கலாம்.

அடுத்து, பொருத்தம். வெஸ்பா பி.எக்ஸ். வண்டிக்கென்று வரும் இறக்குமதிச் சைலன்சர் எல்லாச் சேத்தக்குக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம்; சிலிண்டர் வாய்க்குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவியில் அளந்து, விற்பவரிடம் உள்விட்டம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வலப்பக்கமாக வரும் சேம்பர் கிக்கரில் இடிக்கிறதா, இடப்பக்கமாகப் போவது டயரை உரசுகிறதா, சென்டர் ஸ்டாண்டு முழுவதும் மடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சரைக் கழற்றாமல் பின்சக்கரத்தைக் கழற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள். கிருமாம்பாக்கத்தில் இரவில் பஞ்சர் ஆனால்தான் அதன் அருமை தெரியும். சிலிண்டர் படுத்திருக்கும் லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வண்டிகளில் பெரிய சேம்பர் தரைக்கு அருகில் தொங்கும் என்பதால், நம்முடைய வேகத்தடைகளுக்கு அது தாங்குமா என்பதே முதல் சோதனை.

மாட்டிய அன்றே முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓட்டுவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ள நேர்வழி. சைலன்சர் மாறினால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு மாறுகிறது. பெட்ரோல் அதற்கு ஈடாகக் கூடாவிட்டால் கலவை வறண்டு சூடு ஏறும். இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளைத்திருகு) கலவை ஏற்கெனவே வறண்ட பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே மெயின் ஜெட்டைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டுத் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து வர வேண்டும். சிறியதில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது ஸ்பார்க் பிளக் மாட்டி, நல்ல ஆக்ஸிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனையிலுள்ள பீங்கான், வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ஆபத்து, உடனே ஜெட்டைக் கூட்ட வேண்டும். கறுத்து ஈரமாக இருந்தால் குறைக்கலாம். பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலை இந்தச் சோதனைகளின்போது லிட்டருக்கு 20 மில்லி என்ற ஒரே அளவில் வைத்திருங்கள். அளவு மாறினால் பிளக்கின் நிறமும் மாறி ஏமாற்றும்.

ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவதற்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் நேரான சாலையே போதும். வேக வரம்பைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. நான்காவது கியரில் 30இலிருந்து 50 வரை எத்தனை நொடியில் ஏறுகிறது என்பதைப் பின்னால் இருப்பவர் செல்போனில் குறித்துக்கொள்ள வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளும் என்பதால் போகும்போதும் வரும்போதும் மும்முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். அதே ஆள், அதே டயர் காற்று, ஏறத்தாழ அதே பெட்ரோல் இருக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே குறிக்கத் தொடங்க வேண்டும், ஏனெனில் குழாய் சூடாக ஆக அலையின் வேகமும் கூடுகிறது. பிறகு ஒரு டேங்க் பெட்ரோலை வழக்கமான பாதையில் ஓட்டி மைலேஜைப் பாருங்கள். என் வண்டியில் பாக்ஸ் சைலன்சர் உச்ச வேகத்தில் சேம்பரிடம் தோற்றாலும் இந்த 30–50 சோதனையில் தெளிவாக வென்றது. இன்றுவரை அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கைனடிக் ஹோண்டா போன்ற கியரில்லாத வண்டிகளுக்கு இந்தச் சோதனையோடு இன்னொரு வேலையும் உண்டு. அவற்றில் இன்ஜின் எந்த ஆர்.பி.எம்.மில் நிற்க வேண்டும் என்பதை கியருக்குப் பதிலாக விகிதத்தைத் தானாக மாற்றும் வேரியேட்டரின் ரோலர் எடை முடிவு செய்கிறது. மேல் ஆர்.பி.எம்.முக்கான சேம்பரை மாட்டிவிட்டு ரோலரை மாற்றாமல் விட்டால், பவர் வரும் இடத்திற்கு இன்ஜின் போகவே போகாது. எடை குறைந்த ரோலர் போட்டால் ஆர்.பி.எம். ஏறும்.

உப்புக்காற்றையும் மறக்கக் கூடாது. கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி வண்டியை நிறுத்தினால்கூட, பெயிண்ட் அடிக்காத இரும்புச் சேம்பர் ஒரே மழைக்காலத்தில் வெல்டிங் ஓரங்களில் துருப் பூக்கத் தொடங்கிவிடும். உள்பக்கம் ஆயில் படிந்து தப்பிக்கும், வெளிப்பக்கம்தான் அரிக்கும். சூடு தாங்கும் பெயிண்ட் இரண்டு பூச்சு கொடுப்பது அவசியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவுக்குத் தாங்கும். ஆனால் மெல்லிய தகடாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும்.

சத்தம் சட்டத்தோடும் தொடர்புடையது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190ஆவது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2000 மார்ச்சுக்கு முன்பு தயாரான இருசக்கர வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது. பின்முனையில் சத்தம் அடக்கும் உறை இல்லாத திறந்த சேம்பரை ஊருக்குள் ஓட்டவே கூடாது. அதற்கு இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. பாக்ஸ் சைலன்சர் வாங்குவதற்கு முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தி முடித்து முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறிய நிலையில் வாய்க்குழாய்க் கிளாம்பையும் தாங்கி போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். சூட்டில் விரிந்து சுருங்கும்போது அவை கட்டாயம் தளரும். நான் அதைச் செய்யாமல் விட்டதால், தென்பெண்ணைப் பாலத்தருகே கிளாம்ப் விலகி வண்டி படபடவென்று வெடித்துக்கொண்டு நின்றது. மூட்டு முழுவதும் கறுப்பு ஆயில் கசிந்திருந்தது. அப்படிக் கறுப்புக் கசிவு எப்போது தெரிந்தாலும் அன்றைக்கே கிளாம்பைக் கழற்றித் துடைத்து, சீலன்ட் பூசி இறுக்கிவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.