ஐம்பதைத் தாண்டிய பிறகு புது ஃபேஷன்: ஜாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டியதும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலர் கடைக்குப் போவார்கள். பொம்மைக்குக் கட்டியிருக்கும் ஆர்கன்சா புடவையை ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் "இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு, வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கிற அதே மெரூன் நிறத்தில் ஐந்தாவதை வாங்கிக்கொண்டு வருவார்கள். எனக்கு 56 வயது, நானும் பல வருடம் இதையேதான் செய்தேன். வயதுக்கென்று ஒரு நிறம், வயதுக்கென்று ஒரு டிசைன் என்று யார் வகுத்து வைத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அதை நம்பி நாம் இழந்தது நிறைய.

நான் இப்போது பின்பற்றும் வழி இதுதான்: புடவை அப்படியே இருக்கட்டும், ஜாக்கெட்டை மாற்றுவோம். புடவை ஐந்தரை மீட்டர், விலையும் அதிகம், பத்து வருடமாவது கட்டுவோம். ஜாக்கெட்டுக்கு ஒரு மீட்டர் துணி போதும். இந்த சீசனில் பஃப் கை வந்திருக்கிறதா, தோளுக்குத் தோள் அகலமாக வெட்டுகிற போட் நெக் வந்திருக்கிறதா, மர அச்சால் பதிக்கிற அஜ்ரக் பிரிண்ட் வந்திருக்கிறதா, எதுவானாலும் முதலில் ஜாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நஷ்டம் கொஞ்சம்தான். பிடித்துவிட்டால் பீரோவில் கிடக்கிற மூன்று பழைய புடவைகள் ஒரே நாளில் புதிதாகிவிடும்.

தையல்காரரிடம் போகும்போது தயவுசெய்து பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். நாற்பத்தைந்துக்கு மேல் உடம்பின் எடை மாறாவிட்டாலும் இருக்கிற இடம் மாறிவிடும்: மேல்கை பருக்கும், மார்பு இறங்கும், தோள் கொஞ்சம் முன்னால் வளையும். நான் எட்டு வருடப் பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து ஒரு கல்யாணத்துக்குத் தைத்தேன். உள்ளே வழவழவென்று சிந்தெடிக் லைனிங் வேறு போட்டுவிட்டார்கள். மே மாதம், மண்டபத்தில் ஃபேன் மட்டும்தான். மெனோபாஸ் சூடு உடம்பில் ஏறி இறங்குகிற நேரம் அது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்ட முடியாமல் அக்குள் பிடித்து இழுத்தது இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து மூன்றே விஷயம் கறாராகச் சொல்லிவிடுவேன்: உடம்பில் டேப் வைத்துப் புதிதாக அளவெடுக்க வேண்டும், லைனிங் காட்டன்தான், இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இன்ச் துணி விட்டுத் தைக்க வேண்டும்.

கழுத்து விஷயத்துக்கு வருவோம். போட் நெக், முழங்கை வரை கை, இந்தச் சேர்க்கை நம் வயதுக்கு ரொம்ப அழகு, உள்ளாடைப் பட்டையும் வெளியே தெரியாது. ஆனால் கழுத்து குட்டையாக இருந்தால் போட் நெக் நெரிக்கிற மாதிரி தெரியும், அவர்கள் முன்னால் 'வி' வைத்துக்கொள்ளலாம். பஃப் கை வேண்டுமென்றால் தோள்முனையில் நாலு சுருக்கு போதும், பலூன் மாதிரி வேண்டாம். தோள்வலி இருப்பவர்கள் பின் ஹூக்கைத் தொடவே வேண்டாம், முன் ஹூக் வைத்து முதுகில் நாடாவை வெறும் அழகுக்குக் கட்டிக்கொள்ளலாம். ஆரி வேலைப்பாடு, அதாவது கொக்கி ஊசி எம்பிராய்டரி, ஆசையா? கையில் மட்டும் போடச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்றிக் கல்லும், ஜர்தோசி என்கிற உலோக ஜரிகை வேலையும் வைத்தால் சங்கிலி மாட்டிக்கொள்ளும், கனம் வேறு.

கத்திரி வெயிலுக்கு மெல்லிசான மல் காட்டன் புடவைதான் இப்போது எல்லோர் கையிலும். நல்ல துணி, தாராளமாகக் கட்டுங்கள். உடம்போடு ஒட்டுகிறது என்று தயங்குபவர்கள் உள்பாவாடையையும் நல்ல காட்டனில், கொஞ்சம் அகலமாகத் தைத்துக்கொண்டால் சரியாகிவிடும். அதோடு குஜராத்தின் கட்ச் பக்கத்து அஜ்ரக் துணியில் ஜாக்கெட் போட்டால் அவ்வளவு பாந்தமாக இருக்கும். ஒரே எச்சரிக்கை, அஜ்ரக்கில் இருக்கும் அவுரி நீலம் சாயம் விடும். புதுத் துணியைத் தனியாக இரண்டு தடவை அலசி, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நீலம் ஒட்டாத வரைக்கும் வெளிர் புடவையோடு போடக்கூடாது. மதுரைச் சுங்குடியும் காரைக்குடிக் கண்டாங்கியும் மறுபடி ஃபேஷனாகிவிட்டதில் எனக்குத் தனிச் சந்தோஷம். சுங்குடிக்கு 2005-லும், கண்டாங்கிக்கு 2019-லும் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ச் சரக்கு என்கிற சட்ட அங்கீகாரம், கிடைத்தது. கண்டாங்கியின் அகலக் கரை உயரம் குறைந்தவர்களைக் கொஞ்சம் அமுக்கிக் காட்டும், கொசுவத்தை மெல்லிசாக எடுத்து, ஜாக்கெட்டைக் கரையின் நிறத்திலேயே போட்டால் அது தெரியாது.

தீபாவளிக்கு, ஜரிகை கலந்து நெய்த பளபள டிஷ்யூ புடவையும் வெளிர் நிறப் பட்டும்தான் கண்ணில் படுகிறது. வெளிர் நிறம் மாநிறத்துக்கு எடுக்காது என்று கடைக்காரரே சொல்வார், நம்பாதீர்கள். புடவையைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முகத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். டியூப்லைட்டில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முகம் வாடித் தெரிந்தாலும் புடவையை ஒதுக்கவேண்டாம், கழுத்தையொட்டி வருகிற ஜாக்கெட்டை அடர் பச்சையிலோ கத்திரிப்பூ நிறத்திலோ தைத்தால் போதும். முடி நரைத்தவர்களுக்கு வெள்ளி ஜரிகை எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பது கட்டிப் பார்த்தால்தான் தெரியும். டிஷ்யூ இடுப்பில் உப்பிக்கொண்டு நிற்கும், அதனால் கொசுவத்தை ஐந்தோடு நிறுத்தி, முதல் நாளே மடித்து மிதமான சூட்டில் அயர்ன் செய்து வைத்துவிடுங்கள். சாஃப்ட் சில்க் என்று விற்பதெல்லாம் பட்டு இல்லை. கடைக்காரர் பட்டு விலை சொன்னால், 2004-லிருந்து மத்தியப் பட்டு வாரியம் நடைமுறைப்படுத்தியிருக்கும், அசல் பட்டு என்று காட்டுகிற சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மார்கழிக் கச்சேரிக்கு ஏசி குளிரும், அங்கே முழுக்கை ஜாக்கெட் போட்டுப் போங்கள், அதுவும் இப்போது ஃபேஷன்தான். குர்த்தி போடுபவர்களுக்குக் கோ-ஆர்ட் செட் நல்ல வசதி, மேலும் கீழும் ஒரே துணி என்பதால் ஆள் உயரமாகத் தெரிவோம். டாப் முழங்காலைத் தொடட்டும், பேன்ட் நேராக இருக்கட்டும். பேருந்து ஏறி இறங்குகிறவர்களுக்கு, தொளதொளவென்று அகலமான பலாசோ பேன்ட் காலில் சிக்கும்.

கொசுவம் முன்கூட்டியே தைத்து வருகிற ரெடிமேட் 'ஒரு நிமிடப் புடவை' பற்றிச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. முட்டிவலியோடு குனிந்து கொசுவம் சரிசெய்ய முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் பழைய புடவையையே கொசுவமும் முந்தானையும் மடித்து அயர்ன் செய்து கொடுக்கவும் இப்போது ஊர் ஊருக்கு ஆள் இருக்கிறார்கள்.

புதிதாகத் தைத்த எதையும் விசேஷத்தன்றே முதல்முறையாகப் போடாதீர்கள். ஒரு வாரம் முன்னால், ஒரு சாயங்காலம், புடவையோடு வீட்டில் இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டிருங்கள். தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், மேல் ஷெல்ஃபிலிருந்து ஒரு டப்பாவை எடுங்கள். எங்காவது பிடித்தால், உள்ளே விட்ட அந்த ஒரு இன்ச்சைப் பிரித்துவிடத் தையல்காரருக்கு இன்னும் நாள் இருக்கும்.