விடுமுறைக்குப் போகும் முன் மெயிலில் செய்யக்கூடாதவை

தைப்பூசக் காவடி விரதம் தொடங்கும் நாட்களில் மொரீஷியஸ் அலுவலகங்களில் ஐடி ஆட்களிடம் ஒரே மாதிரிக் கோரிக்கைகள் வந்து குவியும். "லீவில் போகிறேன், ஆட்டோ ரிப்ளை போடணும்." "பழனிக்குப் போகிறேன், என் மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பி விடணும்." ஐடி கம்பெனிகள் நிறைந்த எபெனில் ஹெல்ப்டெஸ்க் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இதைச் சின்ன வேலையாக நினைத்து, கேட்டதைக் கேட்டபடி செய்துகொடுத்துவிடுகிறார்கள். எங்கள் செட்டு ஆட்கள் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

திரும்பி வரும் தேதியைத் தப்பாகப் போடுவது, எழுத்துப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாருக்கும் தெரிந்தவைதான்.

வெளி முகவரிக்குத் தானாகத் திருப்பி விடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிற விஷயம்.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு இறக்குமதி அலுவலகம். சரக்கு விடுவிப்பைப் பார்த்துக்கொள்பவர் குடும்பத்தோடு இந்தியா கிளம்பினார். போவதற்கு முன் தன் அலுவலக மெயில் எல்லாம் ஜிமெயிலுக்குப் போகும்படி கேட்டார். ஹெல்ப்டெஸ்க் பையன் சர்வரில் ஒரு வரி மாற்றினான். பெட்டியில் பிரதி எதுவும் தங்காது. எல்லாம் நேராக ஜிமெயிலுக்கு. பக்கத்து மேஜைக்காரரை ஒரு மெயில் அனுப்பச் சொல்லிப் பார்த்தான், போய்ச் சேர்ந்தது. சரி என்று டிக்கெட்டை, அதாவது அந்தக் கோரிக்கைப் பதிவை, மூடிவிட்டான்.

கப்பல் கம்பெனியிடமிருந்து சரக்கு வரவு அறிவிப்பு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. கன்டெய்னர் துறைமுகத்தில் இறங்கி, இலவச நாட்கள் முடிந்து, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கிய பிறகுதான் போன் வந்தது. "நாங்கள் மெயில் அனுப்பினோமே" என்கிறார்கள் அவர்கள். "ஒன்றுமே வரவில்லை" என்கிறார் இவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

நடந்தது இது. ஒவ்வொரு டொமைனும் (மெயில் முகவரியில் @க்குப் பின் வரும் பெயர்) தன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று வெளியிட்டு வைத்திருக்கும், அதுதான் எஸ்பிஎஃப். நம் சர்வர் ஒரு மெயிலை வாங்கி, அனுப்புநரை மாற்றாமல் ஜிமெயிலுக்குத் தள்ளினால், கப்பல் கம்பெனியின் பெயரில் யாரோ ஒரு போர்ட் லூயிஸ் சர்வர் வந்து நிற்பதாகத்தான் ஜிமெயில் பார்க்கும். எஸ்பிஎஃப் தோற்றுவிடும். டிகிம் கையெழுத்து என்று இன்னொன்று உண்டு, அனுப்பும் டொமைன் மெயிலில் போடும் மின்முத்திரை. மெயிலில் ஒரு எழுத்தும் மாறாமல் போனால் அது தப்பிப் பிழைக்கும். ஆனால் அந்த அலுவலகத்தில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் "வெளி மெயில், கவனம்" என்று ஒரு வரியை சர்வர் சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் கையெழுத்தும் செல்லாது. இரண்டும் தோற்றால் என்ன செய்வது என்று அனுப்புநரின் டொமைன் சொல்வதுதான் டிமார்க். அந்தக் கப்பல் கம்பெனியின் டிமார்க் "நிராகரி" என்று சொல்லியிருந்தது. ஜிமெயிலும் நிராகரித்தது.

அப்படியானால் திரும்பிவந்த தகவல் எங்கே போயிற்று? அதுதான் இதில் கொடுமை. நிராகரிப்பு மெயில் இவருக்கு வராது. முதலில் அனுப்பிய முகவரிக்குப் போகும். அது கப்பல் கம்பெனியின் யாரும் படிக்காத ஒரு தானியங்கிப் பெட்டி. சர்வரின் பதிவேடான லாகைத் திறந்து பார்த்தபோது வரிசையாக 550 5.7.26 என்று கிடந்தது. ஜிமெயில் வாங்க மறுத்ததற்கான எண் அது. டிமார்க் கண்டிப்பு இல்லாத சின்னச் சின்ன வியாபாரிகளின் மெயில்கள் மட்டும் ஒழுங்காகப் போயிருந்தன. அதனால் பழனியில் இருந்தவருக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. மெயில் வந்துகொண்டுதானே இருந்தது!

பையன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணா, டெஸ்ட் பண்ணினேன், போச்சே!" போகத்தான் செய்யும். பக்கத்து மேஜைக்காரரின் மெயில் நம் சொந்த டொமைனின் மெயில். அதை அனுப்ப நம் சர்வருக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சோதனை ஒருநாளும் தோற்காது, ஆகவே அது சோதனையே இல்லை. சோதிப்பதென்றால் கண்டிப்பான டிமார்க் உள்ள ஒரு வெளி டொமைனிலிருந்து வரும் மெயிலைக் கொண்டு சோதியுங்கள். முடிந்ததும் லாகையும் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 உள்ள இடங்களில் வெளியே தானாகத் திருப்பி விடுவதை அந்தச் சேவையே முன்னிருப்பாகத் தடுத்துவைத்திருக்கிறது. 5.7.520 என்று மெயில் திரும்பினால் காரணம் அதுதான். புதுப் பிள்ளைகள் அதைக் கோளாறு என்று நினைத்து, தடையை எல்லோருக்குமாகத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருவருடைய பாஸ்வேர்டைத் திருடியவன் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, சத்தமில்லாமல் ஒரு ஃபார்வர்ட் ரூல், அதாவது வரும் மெயிலைத் தானாக வெளியே திருப்பும் கட்டளை, போட்டுவைப்பது. அந்தக் கதவுக்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. மொரீஷியஸின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் பாஸ்போர்ட் நகலும் அடையாள அட்டையும் ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் போய்க் கிடந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி.

இத்தனைக்கும் அந்த மனிதருக்கு ஃபார்வர்டே தேவைப்படவில்லை. ஊரிலிருந்து மெயில் பார்க்க வேண்டுமென்றால் போனில் அலுவலகக் கணக்கைச் சேர்த்து, இரண்டடுக்கு உள்நுழைவைப் போட்டுக்கொடுத்தால் போதும். வேறொருவர் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பெட்டிக்கு அவருக்கு அனுமதி கொடுக்கலாம். சரக்கு அறிவிப்பு மாதிரியானவை ஒரு தனி மனிதரின் முகவரிக்கு வருவதே தப்பு. பொதுப் பெட்டி ஒன்றை உருவாக்கி, மூன்று பேர் பார்க்கும்படி வையுங்கள். எப்படியும் வெளியே திருப்பியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பிரதியை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், மெயிலுக்குள் வரி சேர்ப்பதை அந்தப் பாதையில் நிறுத்துங்கள், மெயில் உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரியை நம் டொமைனுக்கு மாற்றியெழுதும் எஸ்ஆர்எஸ் வசதியை சர்வரில் போடுங்கள். மூன்றில் எதையும் விடாதீர்கள்.

ஆட்டோ ரிப்ளையை ரூலாக எழுதுவது

அவுட்லுக்கில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அது ஒரே ஆளுக்கு லீவு முழுவதும் ஒரு தடவைதான் பதில் சொல்லும். ஜிமெயிலும் ஒருவரே மறுபடி எழுதினால் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் பதில் அனுப்பும். இதை விட்டுவிட்டு, "எந்த மெயில் வந்தாலும் சர்வர் இந்தப் பதிலை அனுப்பட்டும்" என்று ரூல் எழுதினால், வரும் ஒவ்வொன்றுக்கும் பதில் போகும். எதிர்ப்பக்கம் ஒவ்வொரு மெயிலுக்கும் டிக்கெட் எண் கொடுக்கிற இயந்திரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விடிவதற்குள் இரண்டு பக்கப் பெட்டியும் நிரம்பிவிடும். தானியங்கிப் பதில்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2004இலேயே ஆர்எஃப்சி 3834 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்துவிட்டது. அதைப் படித்து எழுதிய வசதி கையில் இருக்கும்போது சொந்தமாக ரூல் எழுத எந்தத் தேவையும் இல்லை.

இரண்டு பேர் ஒருவருக்கொருவர் திருப்பி விட்டுக்கொள்வது

ஃபார்வர்ட் போடும் முன், அந்த முனையிலும் ஒரு ஃபார்வர்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று எழுதாமல் விடுவது

அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கும் வெளியாருக்கும் தனித்தனியாக எழுத இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. முதல் பெட்டியில் எழுதியதை அப்படியே இரண்டாவதில் ஒட்டிவிடுகிறார்கள். "நான் தமிழ்நாட்டில் இருக்கிறேன், பணம் செலுத்துவது பற்றி இன்னாரிடம் கேளுங்கள், அவர் மொபைல் எண் இது" என்று ஊர் பேர் தெரியாத எல்லோருக்கும் போகிறது. மேலாளர் ஊரில் இல்லை, பணத்தைக் கையாள்பவர் இவர் என்று தெரிந்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? மேலாளர் பெயரில் "அவசரமாக இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு" என்று எழுதிவிடுவான். வெளியாருக்குத் திரும்பும் தேதியும் ஒரு பொது முகவரியும் போதும்.

அந்த வெளிப் பதிலைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ரீயூனியனிலும் பிரான்சிலும் இருப்பவர்களுக்குக் காவடி இங்கே அரசு விடுமுறை என்பது தெரிந்திருக்காது. ஒரு வரி சேர்த்தால் ஏன் பதில் இல்லை என்று போன் மேல் போன் வராது.

கேட்காமல் ஒருவர் பெயரைப் போடுவது

கேட்டுவிட்டுப் போடுங்கள். அவருக்கும் அதே வாரம்தான் லீவா என்றும் கேளுங்கள்.

புயல் வந்த பிறகு யோசிப்பது

இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் எல்லோருக்கும் வீடு போய்ச் சேருவதுதான் குறி. மூன்றாம் எச்சரிக்கையில் அலுவலகம் மூடியிருக்கும்; வீட்டில் கரண்டும் இருக்காது, இணையமும் இருக்காது. 2024 ஜனவரியில் பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தபோது யார் உட்கார்ந்து ஆட்டோ ரிப்ளை எழுதியிருக்க முடியும்? புயல் காலம் தொடங்கும் நவம்பர் வந்ததும் வாசகத்தை எழுதி வைத்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் அட்மின் ஒருவரே பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியில் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் போட்டுவிடலாம். போட்ட ஆளே எடுக்கவும் வேண்டும். அதையும் பட்டியலில் எழுதிவையுங்கள்.

திரும்பி வந்ததும் பார்க்காமல் விடுவது

ஆட்டோ ரிப்ளையை நிறுத்த எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஃபார்வர்ட் ரூலை மறந்துவிடுகிறார்கள். வேலையை விட்டே போனவரின் சொந்த முகவரிக்குக் கம்பெனி மெயில் போய்க்கொண்டிருக்கிற இடங்கள் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளின் ரூல்களையும் எடுத்து, வெளியே போகிறவற்றைத் தனியாகப் பாருங்கள்.

அதில் யாருமே போடாத ரூல் ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். எந்த முகவரிக்கு, எப்போதிலிருந்து என்பதைப் படம் பிடித்துக்கொண்டு, அப்புறம் அதை நிறுத்தி, பாஸ்வேர்டை மாற்றி, உள்நுழைந்திருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் அந்தக் கணக்கை வெளியேற்றுங்கள். தனிப்பட்ட தகவல் கசிந்திருந்தால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது சட்டம். அந்தப் படம் இல்லாமல் அந்த அறிக்கையில் எழுத உங்களிடம் ஒன்றுமே இருக்காது.