கன்னியாகுமரியில் சிறு லாட்ஜ், மெஸ் நடத்துவோர் கொள்முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பதினைந்து அறைகளும் ஒரு மெஸ்ஸும் வைத்திருப்பவர்களின் லாபத்தைப் பெரும்பாலும் தின்பது கொள்முதல்தான். கூட்டம் வருவது ஒரு கணக்கில், சரக்கு வருவது வேறொரு கணக்கில். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல், போன மாதம் வாங்கியதையே இந்த மாதமும் வாங்குவதில்தான் தவறு தொடங்குகிறது.

மீனில் இது பளிச்சென்று தெரியும். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கில். சின்னமுட்டத்து வியாபாரி ஒருவரையே நம்பியிருப்பவர்கள், கோடை விடுமுறைக் கூட்டம் நிரம்பி வழியும் மே மாதத்தில் வெளியூர் ஐஸ் மீனை அதிக விலைக்கு வாங்குகிறார்கள். அந்த நேரத்தில் குளச்சலில் விசைப்படகு மீன் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வியாபாரியோடு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை மார்ச்சிலேயே பிடித்துவிட வேண்டும். தடை தொடங்கிய பிறகு போய் நின்றால், வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த மிச்சம்தான் கிடைக்கும். ஜூன் 1 முதல் 14 வரை இரு பக்கமும் விசைப்படகு கிடையாது. அந்த நாட்களில் வள்ளத்தில் (நாட்டுப்படகில்) வரும் சாளை, அயிலை, நெத்தோலியை வைத்து மெனு போடுங்கள். நெய்மீன் வறுவலைப் போர்டில் இருந்து எடுத்துவிடுங்கள்.

பலர் மறந்துவிடுவது ஞாயிற்றுக்கிழமையை. நம் கரைகள் பலவற்றில் அன்று கடலுக்குப் போவதில்லை. சுற்றுலாக் கூட்டம் கூடுவதோ அன்றுதான். சனிக்கிழமையே வாங்கி, குடல், செவுள் நீக்கிக் கழுவி, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் என்ற அளவில் அடுக்க வேண்டும்: அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். உருகிய ரத்தத் தண்ணீரில் ஊறுகிற மீன், எவ்வளவு ஐஸ் போட்டாலும் கெட்டுப்போகும்.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரஜோதி வரை கணக்கு தலைகீழ். மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் மீன் தொடமாட்டார்கள். மீன் ஆர்டரைக் குறைக்காமல் விட்டால் ஃப்ரீசரில் பணம் உறையும். காய்கறி ஆர்டரை ஏற்றாமல் விட்டால் காலை பத்து மணிக்குச் சாம்பாருக்குக் காய் இருக்காது. நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு விடியும் முன்பே போனால்தான் மொத்த விலையும் நல்ல சரக்கும் கிடைக்கும். தேங்காய், பருப்பு, அரிசியை ஐப்பசியிலேயே வாங்கி வைக்கலாம். தக்காளி, கீரையை அப்படிச் சேர்க்கக் கூடாது.

இந்த சீசனின் முதல் பாதி வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் படுக்கை விரிப்புகள் காயாது. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் (கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று) மற்ற மாதங்களுக்குப் போதும். கார்த்திகை, மார்கழிக்கு நான்காவது செட் தேவை. ஈரம் போகாத விரிப்பைப் போட்டுக் கொடுத்தால் அந்த வாடை அறையைவிட்டுப் போகாது. வந்தவர் மறுபடி வரமாட்டார்.

குடிநீர் கேனுக்கு எளிய கணக்கு: தினசரிச் செலவு 6 கேன், சொன்ன பிறகு வந்துசேர 2 நாள் என்றால் 12, ஒருநாள் தாமதத்துக்கு 6 சேர்த்து 18. கையிருப்பு 18 ஆனதுமே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். 19 கிலோ வணிக சிலிண்டருக்கும் இதே முறைதான். அது தீர்ந்துவிட்டது என்று வீட்டுச் சிலிண்டரை எடுத்து மாட்டுவது சட்டப்படி குற்றம். கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் டெலிவரி ஆட்களும் சலவைக்காரர்களும் விடுமுறையில் இருப்பார்கள் என்பதால், டிசம்பர் 24 முதல் 26 வரைக்கான எல்லாவற்றையும் 22-ஆம் தேதிக்குள் இறக்கிவிட வேண்டும்.